பகலில் பரி, ராத்திரி நரி: ரேஸை விட்டு வந்த குதிரைக்குத் தீவனம் போட்டு அமைதிப்படுத்துவது

எங்கள் வீட்டுக்குக் குதிரை வந்தது கடன் பாக்கியில். வாடிப்பட்டியில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறேன். குதிரைச் சவாரி சொல்லித்தருகிறேன் என்று தோட்டத்தில் நாலு குதிரை கட்டியிருந்த ஒருவர், எட்டு மாதத் தீவனக் காசு 86,000 ரூபாயைத் தர முடியாமல், "அக்கா, இதைப் பிடிச்சுக்கோங்க" என்று ஒரு செவலையை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு ஊரைக் காலி செய்துவிட்டார். பேர் ராசு. ஒன்பது வயது, காயடித்த குதிரை. கிண்டியிலும் ஊட்டியிலும் ஓடியிருக்கிறான். விலா எலும்பை நின்ற இடத்திலிருந்தே எண்ணலாம். இறங்கிய வேகத்தில் என் வீட்டுக்காரர் காலை ஒரு மிதி மிதித்துவிட்டுத்தான் உள்ளே போனான்.

மதுரைப் பக்கத்து ஆட்களுக்குக் குதிரை என்றால் இரண்டு சங்கதி நினைவுக்கு வரும். ஒன்று, தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்கும் அழகர். இன்னொன்று, மாணிக்கவாசகருக்காகச் சொக்கநாதர் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்தது. பகலில் ஜம்மென்று நின்ற அந்தக் குதிரைகள், ராத்திரியானதும் லாயத்திலேயே நரியாக மாறி, ஊளையிட்டு, மற்ற குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. எங்களுக்கு வாய்த்தது இந்த இரண்டாவது ரகம். பகலில் ஏதோ சமாளிக்கலாம். ராத்திரி ஒன்பதுக்கு மேல் கொட்டகைக்குள் சுற்றிச் சுற்றி நடப்பான், கதவை உதைப்பான், கட்டையைப் பல்லால் கவ்விக்கொண்டு 'ஹக், ஹக்' என்று காற்றை இழுப்பான். தெருவே தூங்கவில்லை.

அதற்கு நான் செய்த வைத்தியம்தான் முதல் தப்பு. தீவனக்காரிக்குத் தெரியாத தீவனமா என்ற திமிர். சித்தி மகன் பாலமேட்டுக்குக் காளை வளர்க்கிறான். அவன் சொன்னபடி மக்காச்சோள மாவு, கடலைப் புண்ணாக்கு, ஊறவைத்து ஆட்டிய பருத்திக்கொட்டை என்று காளைக்குப் போடுவதையே குதிரைக்கும் போட்டேன். ஒரு வாரத்தில் உடம்பு தேறிவிடும் என்று நினைத்தேன். மூன்றாம் நாளே லத்தி கூழ் மாதிரி ஆகி, புளித்த வாடை அடித்தது. நாலாம் நாள் கதவை உடைத்துவிட்டான். வந்த கால்நடை மருத்துவர் முதலில் வயிற்றைப் பார்க்கவில்லை. குளம்புக்கு மேல் விரலை வைத்து நாடி பார்த்தார். மாவுச்சத்து அளவுக்கு மீறிப் போனால் குதிரைக்குக் குளம்புக்குள்ளே வீக்கம் வந்து, நிரந்தரமாக நொண்டியாகிவிடும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நல்ல வேளை, அந்த அளவுக்குப் போகவில்லை.

அப்புறம்தான் நிலக்கோட்டைப் பக்கத்துப் பெரியவரைக் கூட்டி வந்தோம். கிண்டியில் 30 வருடம் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ராத்திரி ஒன்பதரைக்கு வந்தார். குதிரையைப் பார்க்கவே இல்லை, நேராகத் தொட்டிக்குள் கையை விட்டார்.

"எத்தனை மணிக்குக் காலியாச்சு தாயி?"

"ஆறரைக்கு அய்யா."

"அடுத்தாப்புல எப்பப் போடுவ?"

"காலையில ஆறு மணிக்கு."

"பன்னெண்டு மணி நேரம் காஞ்ச வயிறு. நீயா இருந்தா கதவ உடைக்க மாட்ட?"

நான் தெரிந்துகொண்டது எல்லாம் இந்தப் பேச்சிலிருந்து கிளைத்ததுதான்.

வயிற்றைப் புரிந்துகொள்ளாமல் ஒன்றும் ஆகாது. மாட்டுக்கு நாலு அறை வயிறு. தின்றதை வைத்திருந்து சாவகாசமாக அசை போடும். குதிரைக்கு ஒரே இரைப்பை, அதுவும் சின்னது. அரை டன் உடம்புக்கு நம் கடைகளில் வரும் 15 லிட்டர் எண்ணெய் டின் அளவுகூட முழுசாக இருக்காது. அதில் புளிப்பு அமிலம் தின்றாலும் தின்னாவிட்டாலும் சுரந்துகொண்டே இருக்கும். அதை ஆற்றுவது எச்சில். குதிரைக்கு எச்சில் ஊறுவது மெல்லும்போது மட்டும். போனில் டைமர் வைத்துப் பார்த்தேன்: ஒரு கிலோ ஓட்ஸைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டான். ஒரு கிலோ காய்ந்த புல்லை மெல்ல 40 நிமிடம் ஆனது. ரேஸ் லாயத்தில் தானியம் அதிகம், புல் குறைவு, அதோடு தினமும் ஓட்டம். ஓடும்போது அமிலம் இரைப்பையின் மேல்பாதிக்குத் தெறிக்கும். அங்கே பாதுகாப்புப் படலம் கிடையாது. பயிற்சியில் இருக்கும் ரேஸ் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றுப் புண் இருப்பது இதனால்தான். கட்டையைக் கவ்விக் காற்றிழுப்பது, சேணத்து வார் இறுக்கும்போது கடிக்க வருவது, தானியத்தைப் பாதியில் விட்டுத் தலையைத் தூக்கிக்கொள்வது இதெல்லாம் தென்பட்டால் திமிர் என்று அடிக்காதீர்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். புண்ணுக்கு மருந்து இருக்கிறது. அதை அவர் எழுதித்தரட்டும்.

முதல் வேலை எடை பார்ப்பது. எடைமேடை தேடி அலைய வேண்டாம். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு கயிறு. தோள்பட்டை முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனை வரை இன்னொரு கயிறு. தையல் டேப் 150 சென்டிமீட்டரோடு முடிந்துவிடும், அதனால்தான் கயிறு. இரண்டையும் சென்டிமீட்டரில் அளந்து, நெஞ்சளவை நெஞ்சளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோ கணக்கு வரும். எங்கள் ராசு வந்தபோது நெஞ்சு 174, நீளம் 165, அதாவது சுமார் 420 கிலோ. இப்போது நெஞ்சு 183, எடை 465. பத்து நாளுக்கு ஒருமுறை அதே கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்தால், கண்ணுக்குத் தெரியாத மாற்றம் முடிச்சில் தெரியும்.

புல்தான் சாப்பாடு. மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. நாளொன்றுக்கு உடல் எடையில் 2 சதவீதம் உலர் தீவனம், எப்படிப் போனாலும் 1.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 465 கிலோ குதிரைக்கு ஒன்பது கிலோவுக்கு மேல் வரும். பசுந்தீவனத்தை அப்படியே இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் முக்கால் பங்கு தண்ணீர். ராசுவுக்கு நான் போடுவது காய்ந்த புல்லும் கடலைக்கொடியுமாக ஏழு கிலோ, பச்சைக் குதிரை மசால் (லூசர்ன் தழை) எட்டு கிலோ. மீதியைத் தானியமும் எண்ணெயும் கலந்த வாளித் தீவனம் ஈடுகட்டும்.

எந்தப் புல் என்பதில்தான் நம் ஊரில் வழி தவறுகிறோம். கோ-4 (கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்) போடுங்கள், கட்டுக் கட்டாக வளரும் என்று எல்லாரும் சொல்வார்கள். மாட்டுக்கு அருமையான தீவனம்தான், நானே விதைக்கரணை விற்கிறேன். ஆனால் கம்பு நேப்பியரிலும் கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. மாதக்கணக்கில் இதையே தின்ற குதிரை, குறைகிற கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுக்கும். முகத்து எலும்பு உப்பி, நடை கூசும். கூடவே தவிடும் போட்டால் கதை இன்னும் மோசம், தவிட்டில் பாஸ்பரஸ் கூடுதல், கால்சியம் குறைவு. அதனால் இந்தப் புற்களை மொத்தப் புல்லில் ஒரு சின்னப் பங்குக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். ரோட்ஸ் புல் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். வரப்பு அருகம்புல்லை அறுத்து ஒரு வெயில் காட்டிப் போட்டால் மிட்டாய் மாதிரி தின்பான்.

குதிரை மசால் பேரிலேயே குதிரையை வைத்திருக்கிறது. கால்சியம் நிறைய, அமிலத்தையும் ஆற்றும். ஆனால் அதையே முழுச் சாப்பாடாக்க வேண்டாம், புரதம் கூடுதல், சிறுநீர் நெடி கொட்டகையில் நிற்க விடாது. நடைக்கோ சவாரிக்கோ கூட்டிப்போவதற்கு அரை மணி முன்னால் இரண்டு கைப்பிடி மசால் கொடுத்துவிட்டுப் போங்கள். தெறிக்கிற அமிலத்தின் மேல் அது பாய் விரித்த மாதிரி கிடக்கும். வார் இறுக்கும்போது ராசு கடிக்க வந்தது, மருந்தும் இந்த இரண்டு கைப்பிடியுமாகத்தான் நின்றது.

வைக்கோல் அவன் பல்லுக்கு வேலை தரும், சத்து தராது. அதிகம் தின்றால் குடலில் கட்டிக்கொள்ளும். ராத்திரி புல்லோடு ஒரு கை கலப்பேன், அவ்வளவே. பச்சைச் சோளப்பயிர் கண்டிப்பாகக் கூடாது. இளம் பயிரின் நஞ்சில் மாடு விழுந்ததைப் பார்த்திருப்பீர்கள். குதிரைக்கு அதைத் தொடர்ந்து போட்டால் பின்னங்கால் தள்ளாடி, சிறுநீர்ப்பையும் கெட்டுவிடும்.

கடலைக்கொடியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் தை, மாசியில் அதுதான் மலிவு, குதிரைக்கும் அது பிடிக்கும். அதில் ஆபத்து வேரோடு வரும் மண். வாங்கியதும் கட்டைப் பிரித்து, கல்லில் இரண்டு தட்டுத் தட்டி உதறுங்கள். ஒரு கட்டில் எவ்வளவு மண் விழுகிறது என்று பார்த்தால் மலைத்துப் போவீர்கள். உதறாமல் போட்டால் அந்த மண் குடலில் படிந்து வயிற்று வலி வரும். படிகிறதா என்று பார்க்க ஒரு வழி: தரையில் பட்ட லத்தியை விட்டுவிட்டு, மேலாக இருக்கும் உருண்டைகளில் ஐந்தாறை எடுத்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, கால் மணி நேரம் வையுங்கள். நார் மேலே மிதக்கும், மண் அடியில் உட்காரும். நான் ஊறுகாய் பாட்டிலில் பார்த்தபோது முதல் தடவை அடியில் அரை விரல் கனத்துக்கு நின்றது. அன்றிலிருந்து தரையில் தீவனம் போடுவதை நிறுத்தி, கல் தொட்டியும் ரப்பர் விரிப்பும் வந்தன. மழையில் நனைந்து பூசணம் பிடித்த கொடியை மாட்டுக்குத் தள்ளிவிடுவோம் இல்லையா, குதிரைக்கு அதுவும் கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான்.

ராத்திரிப் புல்லை வலையில் கட்டித் தொங்கவிடுகிறேன். தடித்த நைலான் கயிற்றில், இரண்டு விரல் நுழையும் கண்ணாகப் பின்னச் சொன்னேன். நாலு கிலோவைத் தொட்டியில் போட்டால் ராத்திரி ஒரு மணிக்குள் முடித்துவிடுவான். வலையிலிருந்து ஒவ்வொரு இணுக்காக உருவித் தின்பதால் விடியற்காலை இரண்டு, மூன்று வரை போகும். கால் மாட்டாத உயரத்தில் கட்ட வேண்டும், காலியாகும்போது வலை தொங்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தானியம். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பார்கள். குதிரை என்றதும் ஊரே கொள்ளைத்தான் நீட்டும். கொள்ளு கெட்டதில்லை. புரதம் நூற்றுக்கு இருபதுக்கு மேல். ஆனால் பச்சையாகப் போடக் கூடாது. ராத்திரி ஊறவைத்து, விரலால் நசுக்கினால் மசிகிற அளவுக்கு வேகவைக்க வேண்டும். ராசுவுக்கு நாளுக்கு அரைக் கிலோ, அதுவும் வேகும் முன் எடை, இரண்டு வேளையாகப் பிரித்து. ஓய்ந்து நிற்கிற குதிரைக்கு அதற்கு மேல் எதற்கு?

படபடப்பைக் கிளப்புவது மாவுச்சத்து. ஒரு வேளையில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராம் மாவுச்சத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் வயிற்றுக்கும் நல்லது, மூளைக்கும் நல்லது. 465 கிலோ குதிரைக்கு 465 கிராம். ஓட்ஸில் மாவுச்சத்து நூற்றுக்கு 40 முதல் 45, ஆக ஒரு வேளைக்கு ஒரு கிலோவோடு நிறுத்துங்கள். மக்காச்சோளத்தில் 65க்கு மேல், அரைத்தால்கூட முக்கால் கிலோவுக்குள் எல்லை வந்துவிடும். நான் நாலு நாள் போட்ட மாவை இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. சிறுகுடல் தாங்காத மாவுச்சத்து பின்குடலுக்குப் போய்ப் புளிக்கும். அந்தப் புளிப்பு வாடைதான் எனக்கு அடித்தது.

தானியத்தைக் குறைத்தால் இளைத்துவிடுவானே என்றால், எண்ணெய் இருக்கிறது. எண்ணெயில் சக்தி உண்டு, சூடேற்றும் மாவுச்சத்து இல்லை. நான் தவிட்டு எண்ணெய் ஊற்றுகிறேன். முதல் வாரம் நாளுக்கு 30 மில்லி, பிறகு வாரா வாரம் கூட்டி மூன்று, நாலு வாரத்தில் 150 மில்லி. ஒரேயடியாக ஊற்றினால் லத்தி இளகி எண்ணெய் மினுக்கும். எண்ணெய் கூடும்போது வைட்டமின் ஈ தேவையும் கூடும், அதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அரிசி ஆலைத் தவிட்டை மூட்டையாக வாங்கி வைக்காதீர்கள், எண்ணெய் எடுக்காத தவிடு சில நாளிலேயே கசந்துபோகும்.

ரேஸ் லாயத்திலிருந்து நேரே வருகிற குதிரை நாளுக்கு ஐந்தாறு கிலோ தானியம் தின்று பழகியிருக்கும். அதை மூன்று, நாலு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு, கால் பங்கு என்று குறைத்து, இரண்டு வாரத்தில் இறக்குங்கள். புல்லை மாற்றுவதும் இப்படித்தான், பழையதில் புதியதைக் கலந்து கலந்து.

என் கடைச் சரக்கைப் பற்றி நானே சொன்னால்தான் சரி. கோழித் தீவனத்தையும் கலப்பு மாட்டுத் தீவனத்தையும் குதிரைக்குப் போடாதீர்கள். ஒரு பிடிகூட வேண்டாம். கோழிக்கு இரத்தக் கழிச்சல் வராமலிருக்க மொனென்சின் போன்ற மருந்துகளைக் கலப்பார்கள், சில மாட்டுத் தீவனங்களிலும் உண்டு. எடைக்கு எடை பார்த்தால், கோழியைக் கொல்லும் அளவில் நூறில் ஒரு பங்கு போதும் குதிரையின் இதயத்தைக் கெடுக்க. கோழித் தீவனம் அள்ளிய முறத்தால் குதிரைக்கு அள்ளவும் கூடாது. கடையில் குதிரைக்கென்று ஒரு பச்சை முறம் வைத்திருக்கிறேன், யார் தொட்டாலும் சண்டைதான். பருத்திக்கொட்டையில் காசிபோல் என்ற நஞ்சு இருக்கிறது. அசை போடும் வயிறு அதைச் சமாளிக்கும், குதிரைக்கு நான் நிறுத்திவிட்டேன். சித்தி மகனுக்கு இதில் இன்னும் வருத்தம்.

இந்த அறியாமை இன்றைக்கு நேற்று வந்ததும் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே வருடம் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகளைக் கப்பலில் இறக்குகிறார்கள், பார்த்துக்கொள்ளத் தெரியாததால் வருடக் கடைசியில் சொற்பமே மிஞ்சுகின்றன என்று எழுதிவைத்திருக்கிறார். சோற்றையும் கறியையும் சமைத்துப் போட்டார்களாம். நான் போட்ட பருத்திக்கொட்டை அந்த வம்சம்தான்.

உப்பும் தண்ணீரும் சுருக்கமாக. தினம் 30 கிராம் சாதா உப்பு, வியர்த்துக் கொட்டுகிற நாளில் இரட்டிப்பு. தண்ணீர் சாதாரண நாளில் 30, 40 லிட்டர், கோடையில் இன்னும் அதிகம். எங்கள் போர்த் தண்ணீர் கொஞ்சம் உவர், முதல் நாள் மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். ஒரு துண்டு வெல்லம் கரைத்துப் பழக்கி, ஒரு வாரத்தில் நிறுத்தினேன். கத்திரி வெயிலில் ஓடாமலே மூச்சிரைத்து, உடம்பு வியர்க்காமல் காய்ந்து கிடந்தால் அது சாதாரணச் சோர்வு இல்லை. வியர்வை நின்றுபோகும் கோளாறு ரேஸ் இனக் குதிரைகளுக்கு நம் மாதிரி புழுக்கமான ஊரில் வருவதுண்டு. உடனே நிழல், உடம்பெல்லாம் தண்ணீர், மருத்துவர்.

தீவனம் பாதி வேலை. மீதி, அவன் பொழுதைக் கழிக்க வேண்டும். ரேஸ் குதிரை நாளில் பெரும்பகுதி அறைக்குள் நின்று பழகியது, ஆனால் தனியாக நின்றதில்லை. பக்கத்து அறையில் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இங்கே வந்ததும் சுற்றிலும் மாடு, ஒரு குதிரை இல்லை. இன்னொரு குதிரை வாங்க வசதி இல்லாததால் ஒரு வெள்ளாட்டுக் கிடாயைக் கொண்டுவந்து விட்டோம். முதல் இரண்டு நாள் வேலிக்கு அந்தப் பக்கம், மூன்றாம் நாள் உள்ளே. இப்போது கிடாயை ஐந்து நிமிடம் காணாவிட்டால் ராசு கனைத்து ஊரைக் கூட்டுகிறான். எங்கள் வீட்டில் கறி ஆகாத ஒரே கிடா அதுதான். ஒரு எச்சரிக்கை: வாளித் தீவனம் வைக்கும்போது கிடாயைக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கொள்ளில் பாதி அதன் வயிற்றில்.

வந்த நாளே பெரிய தோட்டத்தில் அவிழ்த்து விடாதீர்கள். அவனுக்குத் தெரிந்த திறந்தவெளி ஒன்றே ஒன்று, அங்கே ஓடத்தான் வேண்டும். சவுக்குக் கம்பில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் பட்டி போட்டு, அதில் ஒரு வாரம், பிறகு பெரியது. பெரிய பட்டிக்கு முதல் தடவை போகும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலி ஓரமாகவே மூன்று சுற்று நடத்திக் காட்டுங்கள். முள்கம்பி இருந்தால் எடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் பழைய வேட்டியைக் கிழித்து நாலடிக்கு ஒரு துண்டு கட்டுங்கள், கம்பி அவன் கண்ணுக்குத் தெரியட்டும். கோடையில் பகல் கொட்டகை, ராத்திரி பட்டி.

நேரம் மாறாமல் இருப்பது அவனுக்கு மருந்து. எங்கள் வீட்டில் ஐந்தரைக்கு நடை, ஆறரைக்கு வாளி, பத்துக்குப் புல், மதியம் மசால், மாலை ஆறுக்கு வாளி, ராத்திரி பத்துக்கு வலை. கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் வலையைக் கட்டிவிட்டுத்தான் எனக்குச் சாப்பாடு.

வாடிப்பட்டியில் குதிரை வளர்ப்பவருக்கு ஒரு தனிச் சோதனை உண்டு, மேளம். எங்கள் ஊர் மேளம் எவ்வளவு பேர் போனது என்று உங்களுக்குத் தெரியும். குலதெய்வம் கும்பிட, காது குத்த, பூப்புனித நீராட்டு என்று எதற்கும் தெருவில் இறங்கும், கூடவே வேட்டு. முதல் தடவை ராசு கொட்டகைச் சுவரில் நெஞ்சால் மோதினான். பெரியவர் சொன்ன வழி: சத்தத்தைத் தடுக்க முடியாது, தூரத்தைக் கூட்ட முடியும். மேளக்காரர்கள் ஒத்திகை பார்க்கும் இடத்திலிருந்து 300 மீட்டர் தள்ளி நிறுத்தி, முன்னால் கடலைக்கொடியை வைத்தேன். காதைத் திருப்பிக்கொண்டே மென்றான். மெல்லுவதை நிறுத்தினால் இன்னும் தள்ளிப் போக வேண்டும் என்று அர்த்தம். மென்றுகொண்டே இருந்தால் அடுத்த நாள் இருபது அடி கிட்டே. அவசரப்பட்டு ஒருநாள் நேரே தெரு முனைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டரை மாதம் ஆனது. இப்போது வேட்டுக்குத் தலையைத் தூக்குவான், அப்புறம் குனிந்துகொள்வான். இதைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை அழைப்புக்கு அனுப்புங்கள் என்று வருகிறார்கள். அனுப்புவதில்லை.

சவாரியை முதல் இரண்டு, மூன்று மாதம் மறந்துவிடுங்கள். பிறகு ஏறும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் ரேஸ் குதிரை அதன்மேல் சாய்ந்து வேகத்தைக் கூட்டும், அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். நிறுத்த வேண்டுமானால் வட்டமாகத் திருப்பிச் சுற்றைச் சின்னதாக்குங்கள், வாயால் ஒரே ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டே. 'ஓ...ஓ' போதும், மாட்டுக்குச் சொல்வதுதான்.

புல்லை மென்று உருண்டையாகத் துப்பினால் பல் கூர்மையாகியிருக்கிறது, ராவிவிட வேண்டும். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, தரையைக் கீறுவது, புரள்வது, லத்தி போடாமல் இருப்பது எல்லாம் வயிற்று வலி. தீவனத்தை எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள், பிராந்தி ஊற்றச் சொல்கிற ஆட்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அமைதியாகிவிட்டானா என்று எப்படித் தெரியும்? நான் பார்ப்பது ஒன்றைத்தான். குதிரை நின்றுகொண்டே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்து தூங்கப் படுத்தாக வேண்டும். பயம் இருந்தால் படுக்காது. எங்கள் கொட்டகையில் தென்னை நார்க்கழிவு பரப்பியிருக்கிறோம். காலையில் அவன் விலாவிலும் கன்னத்திலும் அந்தத் தூள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். ராசுவுக்கு முதல் தூள் ஒட்டியது 47ஆம் நாள், கூடவே கிடாயின் முதுகிலும். அதற்குப் பிறகு இரண்டு, மூன்று நாள் சேர்ந்தாற்போல் தூள் இல்லாவிட்டால், ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து போய் வலையைத் தொட்டுப் பார்ப்பேன். பாதி நாள் அது காலியாகத்தான் இருக்கும். அடுத்த நாள் ஒரு கிலோ கூடுதலாகக் கட்டிவிடுவேன்.